பத்துப் பேரில் ஒரு நடிகர்: நார்வேயின் ஹென்றி கிளெடிட்ஷ்

உலகை அறிவோம் பகுதி



நடிகர்னு சொன்னாலே நமக்கு முதலில் சினிமாதான் ஞாபகம் வரும். இந்த வாரம் நாம் பார்க்கப் போவது ஒரு நாடக மேடை நடிகரை. பனி கொட்டும் நார்வே நாட்டுக்காரர். வாழ்ந்தது வெறும் 40 வருஷம். நோயிலோ விபத்திலோ அவர் சாகவில்லை. நாடகக் கொட்டகையிலிருந்து பிடித்துக்கொண்டு போய் சுட்டுக் கொன்றார்கள். கோர்ட் இல்லை, விசாரணை இல்லை. ஒரு நடிகரை ஏன் கொல்லணும்? அவர் கையில் துப்பாக்கியா இருந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியணும்னா கொஞ்சம் சரித்திரம் படிக்கணும். வாங்க, படிப்போம்.

1. நார்வே: ஒரு சின்ன அறிமுகம்

அட்லஸை எடுத்து ஐரோப்பாவின் வடக்கு முனையைப் பாருங்க. கடலோரம் முழுக்கப் பல்லுப் பல்லாக வெட்டுப்பட்ட மாதிரி ஒரு நாடு தெரியும். அதுதான் நார்வே. தலைநகரம் ஓஸ்லோ. அங்கிருந்து வடக்கே சுமார் 500 கிலோமீட்டர் போனால் ட்ரொன்ட்ஹெய்ம் என்ற ஊர். கி.பி. 997இல் உருவானதாகச் சொல்லப்படும் மிகப் பழைய ஊர். பழைய காலத்தில் அரசர்களின் தலைநகரமாகவும் இருந்தது. குளிர்காலத்தில் அங்கே பகல் நாலைந்து மணி நேரம்தான். மத்தியானமே இருட்டிவிடும். அப்படிப்பட்ட ஊரில் சாயங்காலம் விளக்கு எரியும் ஒரு நாடகக் கொட்டகை மக்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்னு நினைத்துப் பாருங்க.

2. சொந்த மொழியில் நாடகம்

நார்வே ஏறத்தாழ 400 வருஷம் டென்மார்க்கோடு சேர்ந்து இருந்தது. 1814இல் அது முடிந்தது. பிறகு ஸ்வீடன் அரசரின் கீழ் இருந்து, 1905இல்தான் தனி நாடு ஆனது. இதனால் என்ன ஆச்சுன்னா, 19ஆம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் தலைநகர மேடையில் டேனிஷ் நடிகர்கள்தான் அதிகம். வசனமும் டேனிஷ் உச்சரிப்புதான். தன் ஊர்ப் பேச்சை மேடையில் கேட்க முடியாத நிலைமை.

இதை மாற்றியவர்களில் ஒருவர் ஓலே புல் என்ற வயலின் கலைஞர். 1850இல் பெர்கன் நகரத்தில் நார்வே மொழிக்கென்று ஒரு நாடக அரங்கைத் தொடங்கினார். அடுத்த வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் ஒரு இளைஞர். பெயர் ஹென்ரிக் இப்சன். ஆமாம், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே நாடக ஆசிரியர்தான். 1899இல் தலைநகரில் தேசிய நாடக அரங்கம் திறக்கப்பட்டது.

ஆக, நார்வேக்காரர்களுக்கு நாடகம் என்பது பொழுதுபோக்கு மட்டும் கிடையாது. 'இது எங்க மொழி, இது எங்க கதை' என்று சொல்லிக்கொள்ளும் இடமாகவும் அது இருந்தது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்க. பின்னால் வரப்போவது புரிய இது வேணும்.

3. ஹென்றி கிளெடிட்ஷ் கட்டிய அரங்கம்

ஹென்றி கிளெடிட்ஷ் பிறந்தது 1902இல். 1920களில் மேடைக்கு வந்தார். சிரிப்பு வேஷம், குத்தலான நையாண்டி இரண்டிலும் கெட்டிக்காரர். அவர் மனைவி சின்னோவே கிளெடிட்ஷும் மேடை நடிகைதான்.

இங்கே ட்ரொன்ட்ஹெய்மில் ஒரு குறை இருந்தது. ஊரில் 1816ஆம் வருஷத்து நாடகக் கட்டடம் ஒன்று இருக்கு. நார்வேயில் இன்றும் பயன்பாட்டில் உள்ள நாடக மேடைகளில் மிகப் பழையது இதுதான். ஆனால் அங்கே 1911 முதல் நாடகம் போட்டு வந்த குழு 1927இல் மூடப்பட்டது. கட்டடம் இருக்கு, குழு இல்லை. கிணறு இருக்கு, வாளி இல்லாத கதை. பத்து வருஷம் இப்படியே போனது.

1937இல் 'ட்ரோன்டெலாக் தியேட்டர்' என்ற பெயரில் புதிய நாடக அரங்கம் அங்கே தொடங்கியது. அதை உருவாக்கியவரும் முதல் தலைவரும் ஹென்றிதான். அப்போது அவருக்கு வயது 35.

அரங்கத் தலைவர்னா என்ன வேலை? எந்த நாடகம் போடுவது என்று தேர்ந்தெடுக்கணும். யாருக்கு எந்த வேஷம் என்று முடிவு செய்யணும். ஒத்திகை பார்க்கணும். சம்பளம் கொடுக்கணும். டிக்கெட் விற்காவிட்டால் பதில் சொல்லணும். ஹென்றி இதெல்லாம் செய்துகொண்டே மேடையிலும் நடித்தார்.

4. 1940 ஏப்ரல் 9

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1940 ஏப்ரல் 9ஆம் தேதி ஹிட்லரின் ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைந்தது. ஓஸ்லோ, பெர்கன், ட்ரொன்ட்ஹெய்ம் எல்லாம் அன்றைக்கே கையை விட்டுப் போயின. இரண்டு மாதச் சண்டைக்குப் பிறகு நாடு முழுவதும் ஜெர்மனி வசம். அரசர் ஏழாம் ஹாகோன் இங்கிலாந்துக்குப் போய் அங்கிருந்து எதிர்ப்பைத் தொடர்ந்தார்.

ஹிட்லர் தன் பிரதிநிதியாக யோசெஃப் டெர்போவன் என்பவரை நார்வேக்கு அனுப்பினார். உள்ளூரில் அவர்களுக்குத் துணை போனவர் விட்குன் குவிஸ்லிங். இவர் பெயரே பின்னால் ஆங்கிலத்தில் 'துரோகி' என்ற அர்த்தம் தரும் சொல்லாகிவிட்டது!

ட்ரொன்ட்ஹெய்ம் ஜெர்மானியர்களுக்கு ரொம்ப முக்கியமான ஊர். அங்கே நீர்மூழ்கிக் கப்பல்களுக்காகக் கான்கிரீட்டில் ஒரு மாபெரும் கூடம் கட்டினார்கள். 'டிர்பிட்ஸ்' என்ற பிரம்மாண்டமான போர்க்கப்பலையும் 1942இல் பக்கத்துக் கடற்கழியில் ஒளித்து வைத்தார்கள். அதனால் ஊர் முழுக்கப் பட்டாளம், ஊர் முழுக்கக் காவல்.

5. நடிகர்களின் வேலைநிறுத்தம்

புதிய ஆட்சியாளர்களுக்கு நாடகமும் ரேடியோவும் தங்கள் பிரசாரத்துக்கு வேணும். இதற்கென்றே ஒரு கலாச்சாரத் துறையை ஏற்படுத்தினார்கள். மக்களுக்குத் தெரிந்த நடிகர்கள் ரேடியோவில் பேசினால் எல்லாரும் கேட்பாங்க இல்லையா? அதனால் நடிகர்களை ரேடியோ நிகழ்ச்சிக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள்.

நடிகர்கள் வர முடியாது என்றார்கள். 1941 மே மாதம் ஆறு பேருடைய தொழில் அனுமதியைப் பறித்தார்கள். அதாவது இனிமேல் நடித்துப் பிழைக்க முடியாது. உடனே ஓஸ்லோவின் மற்ற நடிகர்களும் மேடை ஏற மறுத்தார்கள். வேலைநிறுத்தம் பெர்கனுக்கும் ட்ரொன்ட்ஹெய்முக்கும் பரவியது. பலர் கைதானார்கள். கடும் மிரட்டலுக்குப் பிறகு, சுமார் ஐந்து வாரம் கழித்துத்தான் முடிவுக்கு வந்தது.

அதே வருஷம் இலையுதிர் காலத்தில் பொதுமக்களின் ரேடியோப் பெட்டிகளையே பறிமுதல் செய்துவிட்டார்கள். லண்டனிலிருந்து வரும் செய்தியை யாரும் கேட்கக் கூடாதாம். பத்திரிகையில் தணிக்கை, ரேடியோ கிடையாது, கூட்டம் போட முடியாது. ஊர் மக்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றாக உட்காரக்கூடிய இடங்கள் ரொம்பக் குறைந்துபோயின. அப்படி மிஞ்சியவற்றில் ஒன்று நாடக அரங்கம்.

உங்களுக்குத் தெரியுமா?

★ அந்தக் காலத்தில் நார்வே மாணவர்கள் சட்டைக் காலரில் பேப்பர் கிளிப் குத்திக்கொண்டார்கள். பல தாள்களைச் சேர்த்துப் பிடிப்பது கிளிப். 'நாம் சேர்ந்து நிற்கிறோம்' என்று அதற்கு அர்த்தம். பிறகு அதையும் தடை செய்தார்கள்.

★ சிவப்புக் கம்பளிக் குல்லாவும் எதிர்ப்பின் அடையாளம் ஆனது. 1942 பிப்ரவரியில் அதற்கும் தடை. ஒரு குல்லாவுக்குப் பயந்த சர்க்கார்!

6. ஆசிரியர்களும் எழுந்து நின்றார்கள்

இது நம் பள்ளிக்கூடத்துக்கு நெருக்கமான செய்தி என்பதால் தனியாக எழுதுகிறோம். 1942 பிப்ரவரியில் குவிஸ்லிங் ஒரு சட்டம் கொண்டுவந்தார். எல்லா ஆசிரியர்களும் அவருடைய சங்கத்தில் சேரணும், நாஜிக் கொள்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கணும். ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தனித்தனியாக, ஆனால் ஒரே வாசகத்தில், 'சேர மாட்டேன்' என்று கடிதம் எழுதி அனுப்பினார்கள்.

மார்ச் மாதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பிடித்தார்கள். அவர்களில் சுமார் 500 பேரை ரயிலில் ட்ரொன்ட்ஹெய்முக்குக் கொண்டுவந்து, ஒரு சின்னக் கப்பலில் அடைத்து, வடகோடியில் இருக்கும் கிர்கெனெஸ் என்ற இடத்துக்கு உடல் உழைப்பு வேலைக்கு அனுப்பினார்கள். அப்படியும் அவர்கள் பணியவில்லை. கடைசியில் குவிஸ்லிங் திட்டத்தைக் கைவிட்டார். அந்த வருஷ முடிவுக்குள் ஆசிரியர்கள் வீடு திரும்பினார்கள்.

கப்பல் புறப்பட்டது ஹென்றியின் ஊர்த் துறைமுகத்திலிருந்துதான் என்பதைக் கவனியுங்க. ஊரே அந்தச் செய்தியைப் பேசிக்கொண்டிருந்த வருஷத்தில்தான் அவர் அரங்கத்தில் தினமும் திரை தூக்கினார்.

7. சிரிப்பு ஒரு ஆயுதமா?

அந்தச் சமயம் நார்வேயில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. எதிரி ஆளும்போது நாடகம் போடலாமா? ஒரு பக்கம், 'நாடகம் போட்டால் நாட்டில் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி ஆகிவிடும், அதனால் போகாதே' என்றார்கள். ஓஸ்லோவில் தேசிய அரங்கம் நாஜி ஆதரவாளர் கைக்குப் போன பிறகு மக்கள் டிக்கெட் வாங்காமல் புறக்கணித்தார்கள். இன்னொரு பக்கம், 'நம்ம மொழியில், நம்ம எழுத்தாளர் எழுதியதை நாமே போடுவது எப்படித் தப்பாகும்?' என்றார்கள்.

ஹென்றி அரங்கத்தைத் திறந்தே வைத்திருந்தார். ஆனால் நாஜிகளுக்குத் தலையாட்டவில்லை. தன் நையாண்டியால் அவர்களைச் சீண்டிக்கொண்டே இருந்தார். ஊர் மக்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆட்சியாளர்களுக்கும் தெரியும்.

ஒரு நையாண்டி எப்படி வேலை செய்யும்? சாதாரண வசனம்தான். ஆனால் எந்த இடத்தில் நிறுத்துகிறார், யாரைப் பார்த்துச் சொல்கிறார், எந்தப் புருவத்தைத் தூக்குகிறார் என்பதில் வேறு அர்த்தம் வந்துவிடும். தணிக்கை அதிகாரி கையில் இருக்கும் காகிதத்தில் அந்தப் புருவம் இருக்காது! ஒரே நேரத்தில் முந்நூறு பேர் சிரித்தால், அந்த முந்நூறு பேருக்கும் பக்கத்தில் இருப்பவர் மனசும் தெரிந்துவிடும். 'நான் மட்டும் இப்படி நினைக்கலை' என்று ஒவ்வொருவருக்கும் தைரியம் வரும். பயத்தை வைத்து ஆள்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

8. 1942 அக்டோபர் 6

1942 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அந்தப் பகுதியில் பல சம்பவங்கள் நடந்தன. மாயாவட்ன் என்ற இடத்தில் எதிர்ப்புப் படையினர் ஆயுதம் மறைத்து வைத்திருந்தது தெரிந்து மோதல் வெடித்தது. கிளோம்ஃபியோர்ட் மின்நிலையத்தைப் பிரிட்டனிலிருந்து வந்த கமாண்டோக்கள் தகர்த்தார்கள். அக்டோபர் 5ஆம் தேதி ஃபோஸ்டாலன் இரும்புச் சுரங்கத்தின் மின்வசதியும் தாக்கப்பட்டது.

டெர்போவனுக்குக் கோபம் தலைக்கேறியது. அக்டோபர் 6ஆம் தேதி காலையில் ட்ரொன்ட்ஹெய்மிலும் சுற்றுவட்டாரத்திலும் அவசரநிலையை அறிவித்தார். ராத்திரி யாரும் வெளியே வரக்கூடாது. கூட்டம் கூடக்கூடாது. மக்களைப் பயமுறுத்த இன்னொரு முடிவும் எடுத்தார்கள். குண்டு வைத்தவர்களைத் தேடிப் பிடிப்பதற்குப் பதிலாக, ஊரில் மதிப்புள்ள பத்துப் பேரைப் பிடித்துச் சுடுவது. அவர்களுக்கு அதிகாரிகள் வைத்த பெயர் 'பரிகாரப் பலி'. அதாவது, 'யாரோ செய்ததுக்கு நீ செத்து ஈடுகட்டு' என்பது.

அந்தப் பத்துப் பேரில் வழக்கறிஞர் ஓட்டோ ஷீர்ஸ்தாத் இருந்தார். தொழிலாளர் பத்திரிகை ஆசிரியர் ஹரால்ட் லங்ஹெல்லெ இருந்தார். யூதரான பொறியாளர் ஹிர்ஷ் கொமிசார் இருந்தார். வியாபாரிகளும் இருந்தார்கள். அரங்கத் தலைவர் ஹென்றி கிளெடிட்ஷும் இருந்தார்.

அப்போது அவருடைய அரங்கத்தில் இப்சனின் 'காட்டு வாத்து' நாடகத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. 1884இல் எழுதப்பட்ட நாடகம். பொய்யை நம்பி நிம்மதியாக இருக்கும் ஒரு குடும்பத்துக்குள் ஒருவன் 'உண்மையைச் சொல்கிறேன்' என்று நுழைகிறான். கடைசியில் பலியாவது ஒரு சின்னப் பெண் குழந்தை. பெரியவர்கள் போடும் சண்டைக்குக் குற்றமே செய்யாத ஒருத்தி உயிரைக் கொடுக்கும் கதை. அந்த நாடகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தவரையே வேறொருவர் செய்த காரியத்துக்காக இழுத்துக்கொண்டு போனார்கள்.

பத்துப் பேரையும் ஃபால்ஸ்டாட் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். போருக்கு முன்பு அது சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளி. 1941இல் நாஜிகள் அதைக் கைதி முகாமாக மாற்றியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு காடு. அந்தக் காட்டில் வைத்துச் சுட்டார்கள். கைது செய்து ஒரு முழு நாள்கூட ஆகவில்லை. குற்றப் பத்திரிகை கிடையாது, வக்கீல் கிடையாது. வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூட அவகாசம் இல்லை. பத்துப் பேரின் பெயரையும் வெளிப்படையாக அறிவித்தார்கள். ஊர் பயப்படணும் என்பதுதானே நோக்கம்!

அக்டோபர் 12 வரை அவசரநிலை நீடித்தது. அதற்குள் மாயாவட்ன் பகுதியைச் சேர்ந்த 24 பேரையும் சேர்த்து மொத்தம் 34 பேர் கொல்லப்பட்டார்கள். அதே நாட்களில் ட்ரொன்ட்ஹெய்ம் பகுதியின் யூத ஆண்களைக் கைது செய்து அவர்கள் சொத்தையும் பறித்தார்கள்.

9. பிறகு என்ன ஆச்சு?

1945 மே 8இல் நார்வே விடுதலை அடைந்தது. அன்றைக்கே டெர்போவன் வெடி வைத்துத் தற்கொலை செய்துகொண்டார். குவிஸ்லிங்குக்கு விசாரணை நடத்தி, அந்த அக்டோபரில் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். கவனியுங்க, துரோகிக்கும் வக்கீல் வைத்துப் பேச அனுமதி கொடுத்தார்கள். ஹென்றிக்குக் கிடைக்காதது அது.

ஃபால்ஸ்டாட் காட்டில் போர்க்காலம் முழுவதிலும் 200க்கும் மேற்பட்டவர்கள் சுடப்பட்டார்கள். நார்வேக்காரர்கள், யூகோஸ்லாவியர்கள், சோவியத் கைதிகள் எல்லாரும் அதில் உண்டு. பழைய முகாம் கட்டடம் இப்போது நினைவகமாகவும் மனித உரிமைக் கல்வி நிலையமாகவும் இருக்கிறது. பள்ளியாக இருந்து சிறையாகி, மறுபடியும் பாடம் சொல்லும் இடமாகிவிட்டது.

ஹென்றி தொடங்கிய ட்ரோன்டெலாக் தியேட்டர் சாகவில்லை. 1997இல் அதற்குப் பெரிய புதுக் கட்டடமும் வந்தது. 1816ஆம் வருஷத்துப் பழைய மேடையை இடிக்காமல் அதோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ஹென்றி நடித்த மேடையில் இன்றைக்கும் நாடகம் நடக்கிறது.

10. நாம் தெரிந்துகொள்வது

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு நடிகரை ஏன் கொன்றார்கள்? அவர் குண்டு வைத்தார் என்று கொன்றவர்களே நிரூபிக்க முயற்சி செய்யவில்லை. ஊர் மக்கள் அவரை மதித்தார்கள், அவர் பேச்சுக்குச் சிரித்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. வக்கீல், பத்திரிகைக்காரர், நடிகர் என்று அவர்கள் பொறுக்கியதைப் பார்த்தால் ஒன்று புரியும். வாய் திறந்து பேசுபவர்களைத்தான் அவர்கள் முதலில் தேடினார்கள்.

இன்னொரு விஷயம். ஹென்றி பெரிய தலைவர் இல்லை, படைவீரரும் இல்லை. தனக்குத் தெரிந்த தொழிலை ஒழுங்காகச் செய்தார். அதில் பொய் கலக்க மறுத்தார். ஆசிரியர்கள் வகுப்பறையில் செய்ததும் அதேதான். அவரவர் இடத்தில் அவரவர் முடியாதுன்னு சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு நாடு எப்படித் தாக்குப்பிடித்தது என்று தெரியும்.

நினைவில் வைக்க

1816: ட்ரொன்ட்ஹெய்ம் நாடகக் கட்டடம்
1902: ஹென்றி கிளெடிட்ஷ் பிறப்பு
1937: ட்ரோன்டெலாக் தியேட்டர் தொடக்கம்
1940 ஏப்ரல் 9: ஜெர்மனி படையெடுப்பு
1941 மே: நடிகர்கள் வேலைநிறுத்தம்
1942 மார்ச்: ஆசிரியர்கள் கைது
1942 அக்டோபர்: அவசரநிலை, ஹென்றி கைது, சுட்டுக்கொலை
1945 மே 8: நார்வே விடுதலை

சிந்திக்க சில கேள்விகள்

1. எதிரி ஆளும்போது அரங்கத்தைத் திறந்து வைப்பது சரியா, மூடுவது சரியா? இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு காரணம் எழுதுக.
2. ஒருவர் செய்ததற்கு இன்னொருவரைத் தண்டிப்பது ஏன் நியாயம் ஆகாது?
3. ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே வாசகத்தில் கடிதம் எழுதியது ஏன்? ஆளுக்கொரு மாதிரி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?
4. வசனத்தை மாற்றாமலே அர்த்தத்தை மாற்ற முடியுமா? உங்கள் வகுப்பில் ஒரு வரியை மூன்று விதமாகப் பேசிக் காட்டுக.

விடைகளைத் தாளில் எழுதி இந்தச் சுவர் இதழுக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்க. நல்ல பதில்களை அடுத்த இதழில் ஒட்டுவோம்.